ஒரு பல் குறைவு

வண்டியில் முதலில் ஏறியபோது கால் எட்டவில்லை.
பெருவிரல் நுனி மட்டும் தரையைத் தேடியது.
"இது ஆறடி ஆளுக்கான வண்டிங்க," என்றான் விற்ற பையன்.
பெங்களூரில் வேலை கிடைத்த அவசரம்,
எழுபது சொல்லி ஐம்பத்தெட்டுக்கு இறங்கினான்.
நான் இறங்கவில்லை.

பழைய ஸ்கூட்டி செம்மநத்தம் மேட்டில்
இரண்டு முறை படுத்துவிட்டது.
மாடு காலையில் கத்தினால்
பொழுது சாய்வதற்குள் சினை ஊசி போட்டாக வேண்டும்.
தவறினால் இன்னும் இருபத்தோரு நாள்.
சடைச்சி வீட்டில் அது ஒரு லோன் தவணை.

உயரத்தைக் குறைக்க ஐந்து ரோட்டில்
பன்னிரண்டாயிரம் கேட்டார்கள்.
குகையில் ஆரோக்கியம் சீட்டைக் குப்புறப் போட்டு
ரெக்சினை உரித்து
இரண்டு அங்குலம் ஸ்பாஞ்சை அறுத்தெடுத்தார், பன் அறுப்பதுபோல.
இருநூற்றைம்பது.
அறுத்த துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்:
நைட்ரஜன் கேனுக்கு மெத்தை.
மிச்ச உயரத்துக்கு,
வண்டியைச் சற்றே சாய்த்து
ஒற்றைக் காலை ஊன்றக் கற்றுக்கொண்டேன்.
அதற்கு ஒரு முழங்கால் சிராய்ப்பு ஆனது.

கிச்சிப்பாளையம் சர்புதீன்
முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தார்.
"டாப் ஸ்பீடு போயிடும்மா."
போகட்டும்.
அயோத்தியாப்பட்டணம் ரோட்டில்
ஜவ்வரிசி லாரிகூட என்னை முந்திப் போகிறது.
குப்பனூர் ஏற்றத்தில் அதே லாரி மூச்சு வாங்க
இரண்டாம் கியரில் நான் பேசிக்கொண்டே ஏறுகிறேன்.
யாரோடு என்று கேட்காதீர்கள்.

எஞ்சினின் அடிவயிற்றுக்கு ஒரு தகடு:
கொண்டலாம்பட்டிப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுத்தது.
முன்பு பரோட்டாக் கல்லைச் சுற்றி நின்றதாம்.
கீழிருந்து கல் தெறிக்கும்போதெல்லாம்
கொத்துப் பரோட்டாச் சத்தம்; பசி எடுக்கும்.
போர்வெல் பைப்பை நீளவாக்கில் பிளந்து
அடுப்பில் வாட்டி வளைத்தேன், கை மறைப்புக்கு.
உண்ணிச்செடி இப்போது பைப்பைக் கீறுகிறது,
விரலை அல்ல.

கிளட்ச் கேபிளின் நுனி பிய்ந்த அன்று
செவ்வாய்ப்பேட்டையில் கடை எல்லாம் அடைப்பு.
கொலுசுத் திருகாணிக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்த மாதேசு
ஊதுகுழலைத் திருப்பி
அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.
"ஜோடி இல்லாத கொலுசு," என்று சிரித்தார்.
காசு வாங்கவில்லை.

ஏமாந்தது விளக்கில்தான்.
தொள்ளாயிரம் ரூபாய் வெள்ளை வெளிச்சம்
மலைப்பனியில் பட்டு எதிரே சுவராய் நின்றது.
யார் பிறந்தநாளுக்கோ சுற்றிய மஞ்சள் கண்ணாடித்தாளை
நான்காய் மடித்து ஒட்டினேன்.
சுவர் கொஞ்சம் விலகிக்கொண்டது.

போன ஞாயிறு, நாகலூர் டீக்கடை.
ஆறு பெரிய வண்டிகள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டு முன்பணம்.
ஹெல்மெட்டைக் கழற்றியபடி ஒருவன்
என் வண்டியைச் சுற்றிவந்தான்,
குந்தி உட்கார்ந்து அடித்தகட்டைத் தட்டினான்.
"செம கிட்ங்க. எங்க ஆர்டர் பண்ணீங்க?"
எனக்கு அவனைத் தெரிந்தது.
அவனுக்கு என்னையும் தெரியவில்லை, வண்டியையும்.
டேங்கில் இருந்த நெளிசல் அவன் போட்டதுதான்.
"ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாமா?"
பாருங்கள் என்றேன்.
முழங்கால் இரண்டும் மடங்கி
ஹேண்டில் பாரில் இடித்தன.
"சின்ன வண்டியா இருக்கே," என்றான், இறங்கி.

போன் அடித்தது. சடைச்சி.
"செவலை விடியகாலயிருந்து கத்துதுக்கா."
டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கொட்டகை வாசலில் கேனைத் திறக்க
வெண்புகை எழும்பிப் பின் சீட்டில் வழிந்தது.
"வண்டி கொதிக்குதா அக்கா?" என்றான் சடைச்சியின் பையன்.
இல்லடா, இது குளுரு என்றேன்,
பிளாஸ்டிக் கையுறையைத் தோள்வரை இழுத்துக்கொண்டு.